மிச்சம் இருந்த பிள்ளை

கிளாரன்ஸ்பேட்டை என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் மலையேறி வந்தவர்களின் நாக்கில் தேய்ந்து கிளாரம்பேட்டை ஆகிவிட்ட அந்த ஊரில், அளவுக்கு மீறிச் சந்தோஷப்பட்டுவிட்டவர்கள் கீழே இறங்கிப் போகும்போது தங்களைப் போலவே இன்னோர் ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் கூடிப் பேசாத மாதிரி, இதைப் பற்றியும் அங்கே யாரும் கூடிப் பேசுவதில்லை.

முதலில் அப்படித் தங்கியவள் ஒரு துரையின் தங்கை. சதுப்பு நிலத்துக்குக் கரை போட்டு ஏரி வெட்டிய காலத்தில் ஒரே ஒரு கோடைக்கு அண்ணனைப் பார்க்க வந்தவள், பல்லக்கில் இறங்கிப் போய்ச் சென்னையில் கப்பலேறிவிட்டாள் என்று கடிதம் வந்த அன்றைக்கும் தேவாலயத்துச் சுவரோரம் உட்கார்ந்து மலைகளைப் படம் வரைந்துகொண்டிருந்தாள். துரைமார்கள் கொஞ்ச காலம் பயந்தார்கள். பிறகு மரியாதை இல்லாமல் இருக்கக் கூடாது என்று கிளப்புக்குத் தேநீருக்கு அழைத்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள், கோப்பையைத் தொடவில்லை, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பல வருஷம் மெல்லிய கவுனோடு மார்கழிப் பனியில் நடந்தும் ஒரு தும்மல் போடாதவள், ஒரு மழைக்காலத்துக் காலையில் திடீரென்று குளிருகிறது என்று நடுங்கினாள். கம்பளி போர்த்தினார்கள். நாளுக்கு நாள் மெலிந்து, மழை விடும்போது மூடுபனியோடு மூடுபனியாகப் போய்விட்டாள். அவள் நடுங்கிய அதே நாளில் லண்டனில் அந்த அம்மாள் காய்ச்சலில் செத்துப்போனதாகப் பிற்பாடு கப்பலில் தகவல் வந்தது.

வெள்ளைக்காரர்கள் போய், அவர்களுடைய பங்களாக்கள் லாட்ஜுகளாகி, பஸ்ஸில் கூட்டம் கூட்டமாக ஜனம் ஏறி வர ஆரம்பித்த பிறகு, தங்குகிறவர்கள் பெருகினார்கள். ஊர் அவர்களை மிச்சம் என்று சொன்னது. 'இவங்க மிச்சம்' என்று குதிரைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சோளக் கதிர் சுடுகிறவர்கள் தீய்ந்துபோன கதிரைத் தூக்கிப் போடாமல் மிச்சங்களின் கையில் கொடுத்தார்கள், அவர்கள் தின்னாவிட்டாலும் வைத்துக்கொள்வதில் பிரியம் காட்டினார்கள் என்பதால். கல்யாணமான புதிதில் வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அளவு சந்தோஷப்படுவது அபூர்வம் என்பதால், ஏரிக்கரை பெஞ்சுகளில் பக்கத்துக் காலி இடத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தவர்களே நிறைய. நகராட்சி அவர்களுக்காகவே கூடுதலாகப் பெஞ்சு போட்டது. ஊர்க்காரர்கள் ஒருவருக்கும் மிச்சம் கிடையாது. அதையும் யாரும் பேசுவதில்லை.

கீழே இருக்கிற ஆள் உயிரோடு இருக்கும்வரை மேலே இருக்கிற மிச்சத்துக்குக் குளிராது. கீழே உயிர் போனால் மேலே குளிர் வரும். ஆகவே அந்த ஊரில் சாவுச் செய்தியைக் 'குளிர் வந்துட்டுது' என்றுதான் சொல்வார்கள்.

துறையூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிய அம்பலவாணனுக்கும், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்த தில்லைநாயகிக்கும் இது எதுவும் தெரியாது. அவர்கள் எந்த மலையும் ஏறியவர்கள் இல்லை. அவர்களுடைய ஒரே மகள் சிந்துஜா திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று பையோடு விடுதியைவிட்டுக் கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. போன் அணைந்துபோனது. போலீஸ் அலுத்துப்போனது. சொந்தக்காரர்கள் முதலில் அழுதார்கள், அப்புறம் யாரோடோ போயிருப்பாள் என்று சொன்னார்கள், அப்புறம் பேச்சை மாற்றினார்கள். தாயும் தகப்பனும் அடையாளம் தெரியாத பெண் பிணம் கிடைத்தது என்று எந்த ஊரிலிருந்து தகவல் வந்தாலும் போய்ப் பார்த்தார்கள். துணியை விலக்குவதற்கு முன்னால் தில்லைநாயகி, இவள் என் மகளாக இருக்கக் கூடாது என்று வேண்டுவாள். நாளாக ஆக அந்த வேண்டுதலின் நடுவிலேயே, இவளாகவே இருந்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்றும் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றிய தன் மனசை அவள் வெறுத்தாள்.

அப்படி ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில், தன் தம்பியைத் தேடி வந்திருந்த ஒரு பெண்தான் கிளாரம்பேட்டையைப் பற்றிச் சொன்னாள். "உங்க மக எப்பவாவது அந்த ஊருக்குப் போயிருக்குதா? போயி சந்தோசமா இருந்துச்சா? அப்ப அங்க போயிப் பாருங்க. அங்க நிக்கிறதுக்குக் குளிரலேன்னா உசுரோட இருக்குதுன்னாவது தெரியும்."

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் சிந்துஜா அங்கே போயிருந்தாள்.

"போனா சரி. சந்தோசமா இருந்தாளான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்பலவாணன். "வளைவுல வாந்தி எடுத்து, வாடிப்போயில்ல வந்து எறங்குனா."

"இருந்திருப்பா. ஒரு நாளாவது இருந்திருக்க மாட்டாளா?" என்றாள் தில்லைநாயகி.

அவர்கள் கிளம்பினார்கள். பஸ் வளைந்து வளைந்து ஏற, வெயில் கழன்று விழுந்து, தைல மரங்களின் வாசனை ஜன்னல் வழியாக வந்து, மேகம் ரோட்டைக் கடந்து போவதற்காக டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்து, மறுபடி ஓட்டினார். சுற்றிலும் ஜனங்கள் கைதட்டிப் பாடினார்கள். அந்தப் பஸ்ஸில் சந்தோஷமாக இருக்க வராதவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் ஸ்வெட்டர் விற்ற ரோஸ்மேரியிடம்தான் முதலில் கேட்டார்கள். அந்த ஊரில் மிச்சங்களைத் தேடி வருகிறவர்கள் ஸ்வெட்டர்காரிகளிடம்தான் கேட்பார்கள். குளிர் வந்தவர்களுக்குப் போர்த்துகிறவர்கள் அவர்கள்தான்.

"என்ன உடுப்பு?" என்றாள் ரோஸ்மேரி.

"மெரூன் கலர் யூனிஃபார்ம். ரெட்டைச் சடை. வெள்ளை ரிப்பன். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், சின்னதுல விழுந்தது."

ரோஸ்மேரி வண்டிமேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். "வாங்கக்கா. பைன் காட்டுக்கு அந்தாண்ட, பள்ளத்தாக்குக் கம்பிகிட்ட நிக்கும். நல்லாப் பேசும்." நடக்கும்போது ஒன்று சொன்னாள். "அம்மான்னு சொல்லிக்காதீங்க. அதுங்க மனசுல இருக்கிற அம்மா வேற. சொன்னா பயந்து அழும், அப்புறம் கிட்ட விடாது."

சிந்துஜா அங்கே இருந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக, கம்பியில் ஏறி நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடுபனி அவள் சடைகளில் முத்து முத்தாகப் படிந்திருந்தது. சட்டைக் கை முழங்கையோடு நின்றது. அந்தக் குளிரில் அம்பலவாணனின் பற்கள் அடித்துக்கொண்டன. பிள்ளையின் கையில் ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை.

தில்லைநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, குளிருதாடா?"

"இல்லையே ஆன்ட்டி." பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வெள்ளை முடியும் ஒட்டிய கன்னமுமாக நின்ற பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "அங்க பாருங்க, கடைசியில வெள்ளையாத் தெரியுதுல்ல? அது எங்க ஊரு. எங்கம்மா இந்நேரம் மாடியில துணி காயப்போடும். நான் இங்கருந்து பாக்குறேன்னு அதுக்குத் தெரியாது."

அங்கே தெரிந்தது துறையூர் இல்லை. ஏதோ ஒரு குவாரி. தில்லைநாயகி பைன் காட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ, யாரிடமோ, எப்படியோ, மகள் உயிரோடு இருக்கிறாள்.

அன்றைக்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை வந்தது.

"கெளம்பு நாயகி. உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. இனி ஒரு ஊரு விடாமத் தேடுவோம்."

"நீங்க போங்க. நான் வரல."

"இது நம்ம மக இல்ல. இது ஒரு நாளு. அந்த ஒரு நாளத்தான் இங்க விட்டுட்டுப் போயிருக்கா."

"நான் கீழ எறங்குன அன்னிக்கே குளிர் வந்துட்டா? நமக்கு யாரு சொல்லுவா?"

அம்பலவாணன் மகளின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார். தில்லைநாயகி ரோஸ்மேரியோடு தங்கிக்கொண்டு, வண்டியில் ஸ்வெட்டர்களை மடித்து அடுக்கினாள். விடிந்ததும் கம்பிப் பக்கம் போவாள். பிள்ளை தினமும் அதே குவாரியைக் காட்டும். தினமும் அம்மா துணி காயப்போடும். ஒரு தடவை, "நீங்களும் எங்கம்மா மாதிரிதான் பேசுறீங்க ஆன்ட்டி," என்றது. தில்லைநாயகி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பொழுது சாயும் நேரம் அம்பலவாணன் போன் செய்வார். ஈரோட்டிலிருந்து, ஓசூரிலிருந்து, பேர் தெரியாத கன்னட ஊர்களிலிருந்து. அவர் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"குளிருதா?"

"இல்லங்க."

"சரி." வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு மறுநாள் இன்னொரு ஊரில் போட்டோவை நீட்டுவார். ரயில்வே பிளாட்பாரங்களில், மில் வாசல்களில், பூட்டிய வீடுகள் இருக்கிற தெருக்களில் நின்றார். கால் வீங்கியது. ஒரு கண்ணில் பூ விழுந்தது. ஊரில் ஆட்டோ துருப்பிடித்தது. தேடத் தேட, தேடாத ஊர்கள் பெருகிக்கொண்டே போயின.

மலையில் ஒரு சீசன் முடிந்தது, இன்னொரு சீசன் வந்தது. கிளாரம்பேட்டைக்குத் தில்லைநாயகியும் பழகிப்போனாள். குளிர் வருகிறதா என்று பார்க்க நிற்கிற அம்மா என்று அவளைக் குதிரைக்காரர்கள் சொன்னார்கள். வெயில் வந்தால் அவள் நிற்பதற்கு இடம் விட்டுத் தங்கள் குதிரைகளைத் தள்ளிக் கட்டினார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பிள்ளை கம்பியைவிட்டு இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு தரையில் குந்தியிருந்தது.

"ஆன்ட்டி, குளிருது."

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி பாப்பா. எல்லாருக்கும்தான் குளிருது." தில்லைநாயகி தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பிள்ளைக்கு மாட்டினாள். உள்ளங்கைகளைத் தேய்த்துவிட்டாள். சோளக்காரரின் அடுப்பையே தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். ஓடிப்போய் ரோஸ்மேரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வந்து சொல்லு ரோஸு. வெறும் காத்துதான்னு சொல்லு. இந்த மழையில யாருக்குத்தான் குளிராது?"

ரோஸ்மேரி வந்து பிள்ளையைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பழைய சால்வையை அவிழ்த்துப் பிள்ளையின் தலையோடு சேர்த்துப் போர்த்தினாள். அதைப் பார்த்துவிட்டுச் சோளக்காரர் வந்தார், படகுத்துறை ஆட்கள் வந்தார்கள், குதிரைக்காரர்கள் குதிரைகளை விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அந்த ஊரில் குளிர் வந்த இடத்துக்குக் குதிரையோடு வருவது வழக்கமில்லை. ஆளாளுக்கு ஒரு மப்ளரோ, ஒரு காலுறையோ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். தில்லைநாயகி ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் முதுகில் வீசியெறிந்தாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்ததை எடுத்து உதறி மறுபடி வைத்தார்கள்.

சாயங்காலம் போன் வந்தது.

"குளிருதா?"

"இல்லங்க."

மறுநாளும் இல்லை என்றுதான் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவர் கேள்வியை முந்திக்கொண்டு பேசினார். "நாயகி, இங்க ஒரு டீக்கடைக்காரர் நம்ம பாப்பாவப் பாத்த மாதிரி இருக்குங்கிறாரு. கோவா பக்கம் போயிருக்கலாமாம். நாளைக்கு ரயிலேறுறேன்." அவர் குரலில் அத்தனை மாதத்தில் இல்லாத ஒரு தெம்பு இருந்தது.

தில்லைநாயகி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வந்துருங்க," என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, வர்றேன்," என்றார்.

அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை சால்வைக்குள் பாதியாகியிருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் கன்னத்துக்குப் பின்னால் கம்பி தெரிந்தது. குவாரியைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. பல் கிட்டிக்க, "எங்க பஸ்ஸு எப்ப ஆன்ட்டி வரும்?" என்று மட்டும் கேட்டது.

"கூட்டிட்டுப் போயிரலாங்க," என்றாள் தில்லைநாயகி.

ரோஸ்மேரி வழியை மறித்தாள். "வேணாங்கக்கா. குளிர் வந்ததக் கீழ கொண்டுபோனவங்க ஒருத்தரும் திரும்பி மேல வந்து என்னாச்சுன்னு சொன்னதில்ல. எறங்குறப்பவே கரைஞ்சிடும். இங்கயே இருந்தா மழை விடற வரைக்குமாவது இருக்கும்."

"மழை விடற வரைக்கும் என்னைய ஆன்ட்டின்னே கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்."

ரோஸ்மேரி விலகி நின்றாள்.

"வீட்டுக்குப் போலாமா பாப்பா?" என்று தில்லைநாயகி குனிந்து கேட்டாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. காற்றில் பறந்து வந்து ஒட்டிக்கொண்ட காகிதம் மாதிரி இருந்தது அந்தக் கை. மதிய பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, இரண்டு பேரும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் பார்த்தார். மிச்சங்களுக்கு டிக்கெட் போடும் வழக்கம் இல்லை.

"மூணு துறையூரு," என்றார் அம்பலவாணன்.

"இந்த வண்டி அடிவாரம் வரைக்கும்தாங்க."

"அப்ப மூணு அடிவாரம்."

கண்டக்டர் மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பஸ் நிற்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் வளைவுகளில் பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தில்லைநாயகி தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பைன் மரங்கள் முடிந்து தைல மரங்கள் தொடங்கும் இடத்தில், தோளில் ஏதோ கனக்கிறதே என்று பார்த்தாள். சடை நீண்டிருந்தது. ஸ்வெட்டரின் கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தன. பஸ் இறங்க இறங்க, அவளை மேலே விட்டுவிட்டுப் போன வருஷங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து அவளோடு உட்கார்ந்துகொண்டன. பெரிய மனுஷியான வருஷத்துப் பருக்கள் நெற்றியில் வந்து மறைந்தன. ப்ளஸ் டூ படித்தபோது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாளே, அந்த முனகல் கொஞ்ச தூரம் கேட்டது. விடுதிக்குக் கிளம்பிய அன்றைக்குப் பார்த்த அந்த முகம் வந்தது. அதுவரை தெரிந்த முகம். அதற்கப்புறம் வந்தவை தாயும் தகப்பனும் பார்த்திராதவை. முடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. கழுத்தெலும்பு துருத்தியது. வலது மணிக்கட்டைச் சுற்றி, கயிறோ கம்பியோ, ரொம்ப நாள் இருந்து பதிந்த கறுப்புத் தழும்பு ஒன்று வளையல் மாதிரி வந்து நின்றது.

அம்பலவாணன் அதைப் பார்த்தார். மலையேறி வரும்போதே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்: யாரு கூட்டிட்டுப் போனது, எந்த ஊரு, இப்ப எங்க கிடக்கிற. அந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். கேட்டு, அந்த ஊருக்குப் போய், மண்ணைத் தோண்டியாவது எடுத்து வர வேண்டும்.

காட்டு மரங்கள் குட்டையாகி, பாறைகளில் வெயில் தெரிய ஆரம்பித்தது. அவள் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினாள். அடித்துப்போட்ட மாதிரிக் களைத்த கண்களால் பக்கத்தில் இருந்த பெண்ணை நெற்றியிலிருந்து கை விரல்வரை பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "என்னம்மா இப்படி நரைச்சுப்போயிட்ட?"

தில்லைநாயகி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது கெடக்குதுடி, அது கெடக்குது," என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அப்பா."

அம்பலவாணன் முதல் கேள்விக்கு வாயைத் திறந்தார். மகளின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இல்லப்பா. பசிக்குது."

"இந்தா, எறங்கிடுவோம். எறங்குனதும் சாப்பிடலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அம்மாவின் மடியில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கடைசி வளைவு திரும்பி, சமவெளியின் அனல் எல்லா ஜன்னல்களிலும் ஒரே நேரத்தில் உள்ளே அடித்தது. தில்லைநாயகியின் மடியில் ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் கிடந்தன. புடவை நனைந்திருந்தது, பனியில் நனைந்த மாதிரி.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அம்பலவாணன்தான் எழுந்து, மனைவியின் முழங்கையைப் பிடித்து இறக்கினார். அடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அவருக்குப் பசி இல்லை. சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டதால் அங்கே போனார்.

கடைக்காரர் நடு வயசு ஆள், தோளில் துண்டு. நனைந்த புடவையைப் பார்த்தார், அவள் நெஞ்சோடு அணைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இறங்கி வந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று மலைமேல் இருப்பவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. மேசையைத் துடைத்துவிட்டு மூன்று இலைகளைப் போட்டார். மூன்று தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். சோற்று வாளியை எடுத்துக்கொண்டு வந்து, பரிமாறாமல், வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

அம்பலவாணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதார்.

தில்லைநாயகி தன் இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். புருஷனுடைய இலைக்குத் தெளித்தாள். பிறகு கையை நீட்டி மூன்றாவது இலையையும் நன்றாகத் துடைத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்தாள்.

"மொதல்ல இதுல போடுங்க," என்றாள். "பிள்ள பசியோட இருக்கா."